ரொட்டி ஈஸ்ட்டின் தரமும் கடலோரக் கோடையும்

ரொட்டி ஈஸ்ட்டுக்குத் தரக்கட்டுப்பாடு என்றதும், பொட்டலம் கட்டுமுன் நடக்கும் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. ஈரப்பதம், மாவை உப்பவைக்கும் திறன், அயல் நுண்ணுயிர் ஆகியவற்றை அங்கே அளக்கலாம், மாற்ற முடியாது. மாற்றக்கூடிய இடம் அதற்கு முந்தைய சில மணி நேரங்களில், ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை ஊட்டும் மொலாசஸ் குழாயின் வால்வில் இருக்கிறது. புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் அந்த வால்வை எத்தனால் அளவை மட்டும் பார்த்துத் திருப்பினால் போதாது, தொட்டியைக் குளிர்விக்கும் திறனையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ரொட்டி ஈஸ்ட்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியே, காற்று தாராளமாகக் கிடைத்தாலும் சர்க்கரை மிகுந்துவிட்டால் எத்தனால் உண்டாக்கத் தொடங்கிவிடும். கிராப்ட்ரீ விளைவு என்பது இதுதான். முழுச் சுவாசத்தில் ஒரு கிலோ சர்க்கரை ஏறத்தாழ அரைக் கிலோ உலர் ஈஸ்ட் தரும். நொதித்தலுக்குத் திரும்பினால் கிடைப்பது 100 கிராமுக்குச் சற்று மேல். முதல் உலகப் போரையொட்டி டென்மார்க்கின் சாக், ஜெர்மனியின் ஹைடுக் ஆகியோர் மொலாசஸைச் சிறுகச் சிறுக ஊட்டும் முறையைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இதுவே. நூறாண்டு கடந்தும் ஆலைகளின் அடிப்படை மாறவில்லை.

செல்கள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்பதை ஓடும் தொட்டியில் நேரடியாக அளப்பது கடினம். வெளியேறும் காற்றிலிருந்து ஊகிக்கிறோம். உண்டாகும் கரியமில வாயுவை உறிஞ்சப்படும் ஆக்சிஜனால் வகுத்தால் சுவாச ஈவு கிடைக்கும். அது 1-ஐத் தெளிவாகத் தாண்டினால் எத்தனால் உண்டாகிறது, ஊட்டலைக் குறைக்க வேண்டும். நன்றாகக் கீழே இறங்கினால் முன்பு உண்டான எத்தனாலை ஈஸ்ட் தின்கிறது. நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களின் சர்க்கரை ஆலைகள் தரும் கரும்பு மொலாசஸில், ஈஸ்ட் வளர வேண்டிய பயோட்டின் என்ற வைட்டமின் நிறைய உண்டு; ஐரோப்பியரின் பீட் மொலாசஸில் அது போதாது. அந்தக் கவலை நமக்கு இல்லை. ஆனால் சர்க்கரையும் சாம்பலும் லோடுக்கு லோடு மாறுவதால், புத்தகத்து ஊட்டல் அட்டவணையை அப்படியே பின்பற்ற முடியாது. பின்னூட்டக் கட்டுப்பாடு கட்டாயமாகிறது.

வெப்பத்தைப் பற்றிப் போதிய பேச்சே இல்லை. உறிஞ்சப்படும் ஒவ்வொரு மோல் ஆக்சிஜனுக்கும் சுமார் 460 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. 1,00,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு மணிக்கு 0.1 மோல் ஆக்சிஜன் செலவானால், நீக்க வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 1,300 கிலோவாட். தொட்டியோ 30 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். குளிர்விப்புக் கோபுரத்து நீர் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே போகாது. கடலோரக் கோடையில் அதுவே 27 டிகிரியை ஒட்டி நிற்கும். மிஞ்சும் இடைவெளி அற்பம். குளிரூட்டும் இயந்திரம் வைக்கலாம், மின்கட்டணம் கட்டலாம். இல்லையேல் ஊட்டலைத்தான் குறைக்க வேண்டும். ஆகவே சுவாச ஈவு அனுமதிக்கும் ஊட்டல், வெப்ப நீக்கம் அனுமதிக்கும் ஊட்டல் இரண்டில் எது குறைவோ அதையே கட்டுப்பாட்டுக் கருவி தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஊட்டலின் கடைசி ஓரிரு மணி நேரம் வேறு கணக்கு. நைட்ரஜனை நிறுத்தி ஊட்டலைத் தணித்தால் மொட்டுகள் குறையும், டிரெகலோஸ் என்ற சேமிப்புச் சர்க்கரை சேரும். அப்போது வெப்பநிலை சற்று ஏறுவதும் அதற்கு உதவும். புரதம் மிகுந்த ஈஸ்ட் மாவை விரைவில் உப்பவைக்கும், ஆனால் சீக்கிரம் கெடும். டிரெகலோஸ் மிகுந்தது உலர்த்தலைத் தாங்கும். குளிர்சங்கிலி அறுபடும் நம் ஊர்களுக்கு இரண்டாவதே பொருத்தம் என்பேன், விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும். சர்க்கரை சேராத பாகெத்துக்கும் இனிப்பு பன்னுக்கும் வேண்டிய ஈஸ்ட் ஒன்றல்ல என்பதைப் புதுச்சேரி பேக்கரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிள்ளைச்சாவடியில் 1980-களில் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். வேதிப்பொறியியலும் கருவியியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. இருதுறை மாணவர்களும் சேர்ந்து, ஒரு சிறு தொட்டியில் உள்ளூர் மொலாசஸைக் கொண்டு, மே மாதத்து ஈரக்காற்றிலேயே இந்த இரட்டை வரம்புக் கட்டுப்பாட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.