ஒட்டுப்போட்ட பட்டத்தின் வயது

'நடுவில் சிறு கிழிசல் இருந்தது. முறையாகத் தைத்து ஒட்டியாயிற்று. பறப்பதில் எக்குறையும் இல்லை.' கைட்சர்ஃபிங் பட்டங்களைக் கைமாற்றி விற்போர் தரும் விவரங்களில் இத்தகைய வரிகளைக் காணாதிருத்தல் அரிது. வாங்க வருபவரின் பார்வையும் நேரே அவ்வொட்டின்மீதே சென்று பதிகிறது. எத்தனை அங்குலக் கிழிசல், தைத்தவர் யார், மீண்டும் கிழியுமா என்று துருவித் துருவிக் கேட்கிறார். அப்பட்டம் எந்த ஆண்டில் வடிவமைக்கப்பட்டது என்ற வினாவைப் பலர் கேட்பதே இல்லை. உயிரோடு தொடர்புடைய வினா அதுவே என்பது நம் துணிபு. அதனை நிறுவ இவ்விளையாட்டின் வரலாற்றுக்குள் சற்றே நுழைந்து வரவேண்டியுள்ளது.

அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். இடுப்பில் கச்சையொன்றைக் கட்டி, அதனுடன் 20 முதல் 25 மீட்டர் நீளக் கயிறுகளால் பெரும் பட்டமொன்றைப் பிணைத்து, காலடியில் ஒரு பலகையுடன் நீர்மேல் விரைவதே கைட்சர்ஃபிங். பட்டமென்றதும் மொட்டைமாடிக் காகிதப் பட்டத்தை நினைத்துவிடலாகாது. 9 அல்லது 12 சதுர மீட்டர் பரப்புடைய துணி இது. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கமாக வளரும். 15 நாட் வேகத்தில் வீசும் காற்று திடீரென 30 நாட் ஆனால் இழுவிசை இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். ஒரு மனிதரைத் தரையிலிருந்து தூக்கி எறிய அது போதும்.

பட்டத்தைக் குதிரையாகப் பூட்டும் ஆசை பழையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் போக்காக், பட்டங்கள் இழுத்துச் செல்லும் வண்டியொன்றுக்கு 1826-ல் காப்புரிமை பெற்றார். சுங்கச் சாவடிகளில் இழுக்கும் விலங்குகளின் எண்ணிக்கைக்கேற்பவே வரி வாங்கப்பட்டமையால், விலங்கே இல்லாத அவ்வண்டிக்கு வரி விதிக்க வழியில்லாமற் போயிற்று என்பர். (கிரிக்கெட் அன்பர்களுக்கு ஒரு செய்தி: டபிள்யூ. ஜி. கிரேஸ் இவருடைய மகள் வழிப் பேரர்.) அடுத்து நம் கவனத்தைக் கவர்பவர் சாமுவேல் கோடி. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் மேடைக் காட்சிகள் நடத்திவந்த இவர், 1903 நவம்பரில் பட்டம் இழுத்த சிறு படகொன்றில் கலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அருஞ்செயல்தான். ஆயினும் அவருடைய பட்டம் நடுக்கடலில் வீழ்ந்திருக்குமாயின் நனைந்த துணியையும் சட்டங்களையும் மீண்டும் விண்ணேற்றுவது எங்ஙனம்? நிலத்திற்குரிய பட்டம் நீரில் விழுந்தால் அத்துடன் கதை முடிந்தது.

இம்முடிச்சை அவிழ்த்தவர்கள் பிரான்சின் பிரிட்டனிக் கடற்கரையைச் சேர்ந்த புரூனோ லெகெய்ன்யூ, டொமினிக் லெகெய்ன்யூ எனும் சகோதரர்கள். 1984 நவம்பரில் அவர்கள் பதிவு செய்த காப்புரிமையின் சாரம் மிக எளியது. பட்டத்தின் முன்விளிம்பு நெடுகிலும் காற்றடைத்த குழாய் ஒன்று; அதிலிருந்து பின்னோக்கி விலா எலும்புகள்போலச் சில குழாய்கள்; இவற்றின்மீது இழுத்துக் கட்டிய துணி. சட்டமும் இதுவே, மிதவையும் இதுவே. நீரில் விழுந்தாலும் மூழ்காது, வடிவம் குலையாது, கயிற்றை இழுத்தால் மீண்டும் எழும். சகோதரர்கள் இதனை நீர்ச்சறுக்குக் கட்டைகளிலும் சிறு படகுகளிலும் பூட்டிச் சோதித்தனர். அக்காலத்தில் பாய்ப்பலகை விளையாட்டு உச்சத்தில் இருந்தமையால் அத்தொழிலில் இருந்த நிறுவனங்கள் இவர்களைப் பொருட்படுத்தவில்லை. பத்தாண்டுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின், விப்பிகா என்ற பெயரில் தாமே பட்டங்களைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். இதே காலத்தில் அமெரிக்காவில் பில் ரோஸ்லரும் அவர் மகன் கோரியும் வேறொரு வழியில் முயன்று, கைட்ஸ்கீ என்ற பெயரில் விற்றனர். 1996-ல் ஹவாயின் மாவி தீவில் லேர்டு ஹாமில்டனும் மனு பெர்டினும் பட்டத்துடன் அலைகளின்மீது ஓடிக் காட்டியபின் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஒட்டின் கதையும் இங்குதான் தொடங்குகிறது என்பதை வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். வீழ்ந்தும் எழும் பட்டம் பன்முறை வீழும். அலைமடிப்பில் சிக்கிக் கிழியும். சிப்பியிலும் பாறையிலும் உரசும். கரையில் பலகையின் கூர்முனை பட்டுத் துளைபடும். பழுதாவதும் செப்பனிடப்படுவதும் இவ்வடிவத்துடன் உடன்பிறந்தவை. பல ஆண்டுகள் உழைத்த பட்டத்தில் ஒட்டே இல்லையெனில் அது அதிகம் பறக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். அல்லது விற்பவரின் சொல்லைச் சற்று ஐயுறலாம்.

இனி ஆண்டுக் கணக்கிற்கு வருவோம். 1990-களின் இறுதியிலிருந்து 2005 வரை விற்றவை பெரும்பாலும் ஆங்கில 'சி' எழுத்தின் வளைவுடைய பட்டங்கள். தொடக்கத்தில் 2 கயிறுகளும் பின்னர் 4 கயிறுகளும் அவற்றின் இரு முனைகளில் நேரே கட்டப்பட்டன. கையிலுள்ள பிடிகோலை முன்னே தள்ளினால் இழுவிசை ஓரளவே குறையும். முற்றாக அணைக்க இயலாது. எதிர்பாராத வன்காற்று அடிக்கும்போது பட்டம் தன் போக்கில் இழுக்கும். கச்சையில் மாட்டிக்கொண்டவர் உடன் செல்வார். கரையோரத்தில் நின்றவர்கள் தூக்கி எறியப்பட்டு இறந்த நிகழ்வுகள் பல நாடுகளில் நேர்ந்தன. புதியவர்கள் மட்டும் இவ்வாறு மாளவில்லை. 2002-ல் ஜெர்மனியின் ஃபெமார்ன் தீவில், தேர்ந்த வீராங்கனை ஒருவர் போட்டியின்போதே பட்டத்தால் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

இதற்குத் தீர்வும் அச்சகோதரர்களுள் ஒருவரிடமிருந்தே வந்தது வியப்பிற்குரியது. முதற் காப்புரிமையின் 20 ஆண்டுக் காலம் முடிந்த வேளையில் புரூனோ லெகெய்ன்யூ வில் வடிவப் பட்டத்தை உருவாக்கினார். 2005-ல் கப்ரின்யா நிறுவனம் 'கிராஸ்போ' என்ற பெயரில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வளைவு குறைந்து தட்டையான உடல், உட்குழிந்த பின்விளிம்பு, முன்விளிம்பைப் பல இடங்களில் தாங்கும் சூத்திரக் கயிறு என்பன அதன் கூறுகள். நம் சிறுவர்கள் பட்டத்திற்குச் சூத்திரம் போடுவார்களல்லவா, அதே வேலைதான். அச்சூத்திரம் தாங்குவதால் பிடிகோலைத் தள்ளியவுடன் பட்டம் காற்றை வெட்டும் கோணத்திற்குத் திரும்பி, தன் இழுவிசையை ஏறக்குறைய முழுமையும் இழந்துவிடுகிறது. பிற நிறுவனங்களும் உரிமம் பெற்றோ தம் வழியில் மாற்றியமைத்தோ இந்நெறியைப் பின்பற்றின. சிற்சில ஆண்டுகளுக்குள் பயிற்சிப் பள்ளிகள் பழைய பட்டங்களைக் கைவிட்டன.

கைவிடப்பட்டவை எங்கே போயின? மலிவு விலையில் கைமாறின. கற்றுக்கொள்ள விழைபவர், அதிகம் செலவிட அஞ்சுபவர், ஒட்டே இல்லாத பளபளக்கும் 2003-ஆம் ஆண்டுப் பட்டத்தைக் கண்டு மகிழ்ந்து வாங்குகிறார். வல்லவர்களே கையாளத் தயங்கும் பட்டம், ஒன்றும் அறியாதவரிடம் போய்ச் சேருகிறது. இப்பட்டங்களுக்கு இன்று 20 வயது கடந்துவிட்டது. எனினும் கொட்டகைகளிலிருந்து அவ்வப்போது வெளிவருகின்றன. 'சி' வடிவப் பட்டங்கள் இன்றும் புதிதாகத் தைக்கப்படுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவை திறன்மிக்கோர் விரும்பி வாங்குபவை, பாதுகாப்பு அமைப்புகளும் வேறு. நாம் குறை கூறுவது 2005-க்கு முந்தையவற்றையே.

ஆண்டு தெளிவான பின்னரே ஒட்டை ஆராயலாம். துணியில் தடித்த இழைகள் கட்டம் கட்டமாக ஊடுபாவாக ஓடுவதால் சிறு கிழிசல் அவ்விழைகளில் தடைப்பட்டு நிற்கும். துணியின் நடுவில் விழுந்த சிறு கிழிசலை இருபுறமும் ஒட்டுத்துணி வைத்து மூடியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பின்விளிம்பில் விழுந்த கிழிசலும் நன்கு தைக்கப்பட்டிருப்பின் ஏற்கத்தக்கதே. முன்விளிம்புக் குழாய் வெடித்துத் தைக்கப்பட்டதாயின் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 6 முதல் 8 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கவேண்டிய இடம் அது. தைத்தவர் துணியைச் சற்றே கூடுதலாக மடித்திருந்தாலும் வளைவு மாறி, பட்டம் ஒருபக்கம் சாயும். காற்றடைத்த பட்டத்தை ஆளுயரத்தில் நிறுத்தி இடப்பாதியையும் வலப்பாதியையும் ஒப்பிட்டால் இது கண்ணுக்கே தெரியும். விலாக்குழாய் முன்விளிம்பைச் சேரும் மூட்டில் தையல் துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அப்பட்டத்தை விட்டுவிடுவதே நன்று.

உட்பையின் துளை மிதிவண்டி ட்யூபில் பஞ்சர் ஒட்டுவது போன்றதே. சோப்பு நீரில் குமிழி பார்த்து, துடைத்து, ஒட்டுவில்லை வைத்தால் தீர்ந்தது. வால்வின் அடிப்பாகம் பிரிவதுதான் தொல்லை. வெயிலில் கிடந்த வண்டியின் பின்பெட்டியில் வைக்கப்பட்டவற்றில் பசை இளகி ஒன்றன்பின் ஒன்றாகப் பிரியும். மாலையில் காற்றடைத்து வைத்து, காலையில் அழுத்திப் பார்க்காமல் காசு கொடுக்கலாகாது.

ஒட்டைக் காட்டிலும் துணியின் பொதுநிலை முக்கியமானது. கதிரொளி இழையைத் தின்றுவிடும். புதுத் துணி கையில் காகிதம்போல் சரசரக்கும். நைந்த துணி பழைய வேட்டிபோல் துவளும். துவளும் துணிமேல் எத்தனை நேர்த்தியான ஒட்டிட்டாலும் அதன் ஓரத்திலேயே அடுத்த கிழிசல் தோன்றும். பழுதுபார்க்கும் தொழிலர் சிலர் இத்தகைய பட்டங்களை வாங்கவே மறுப்பர். அம்மறுப்பை நாம் மதிக்கிறோம்.

கயிறுகளைப் பார்ப்பதற்கு ஒரு கம்பமே போதும். நான்கு முனைகளையும் அதில் மாட்டி, பிடிகோலைப் பற்றிப் பின்னே சென்று இழுத்தால் நீள வேறுபாடு தெரிந்துவிடும். சுமை அதிகம் தாங்கும் முன்கயிறுகள் நாளடைவில் நீளும். அப்போது பின்கயிறுகள் குறுகியவைபோலாகி, பட்டம் வானில் பின்வாங்கித் தொய்யும். பாவம், குற்றம் பட்டத்தின்மீதே சுமத்தப்பட்டு அது மலிவாக விற்கப்படுவதும் உண்டு. கயிற்றில் முடிச்சு விழுந்திருந்தால் அதன் வலிமையில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது என்று கொள்க. செப்பனிட்ட கயிற்றை ஏற்பதினும் புதியது வாங்கல் நலம்.

இறுதியாகப் பிடிகோல். ஆபத்தில் ஒரே இழுப்பில் பட்டத்தைத் துண்டிக்கும் விடுவிப்புக் கொக்கி இதில்தான் உள்ளது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இதனை அமைத்தது. இதற்கெனப் பன்னாட்டுத் தரநிலையாகிய ஐஎஸ்ஓ 21853 வெளிவந்தது 2020-ல்தான். முதற் காப்புரிமைக்கும் இதற்கும் இடையே 36 ஆண்டுகள்! இராமேசுவரத்திலும் இலங்கையின் கற்பிட்டியிலும் இன்று பயிற்சிப் பள்ளிகள் உள்ளமையால் நம் வாசகர்களுள் சிலரிடமும் பழைய பட்டமொன்று விலைக்கு வரக்கூடும். அப்போது கொக்கியைக் கம்பத்தில் மாட்டி, உடல் எடை முழுவதையும் பின்னே சாய்த்து, அந்நிலையிலேயே விடுவித்துப் பார்க்க வேண்டும். எடையின்றி மேசைமேல் வைத்து இழுத்துக் காட்டுவது சோதனையாகாது. உப்பும் மணலும் இறுகிய கொக்கி இரண்டாவது இழுப்பில் திறந்தாலும் அது தேறவில்லை என்றே பொருள். பழைய பட்டத்துடன் வரும் பழைய பிடிகோலை ஒதுக்கிவிட்டு, அப்பட்டத்திற்கு ஏற்ற புதியதொன்றை வாங்குவோர் உளர். அதன் விலை சிலவேளை பட்டத்தின் விலையையே எட்டிவிடும். எனவே பேரம் பேச அமரும்போதே அத்தொகையையும் சேர்த்துக் கணக்கிடல் வேண்டும்.