சூத்திரம், வாய்பாடு, பால்மா: ‘ஃபார்முலா’ என்னும் சொல்லின் பொருள் வரலாறு

ஊட்டச்சத்தியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்க முற்படுபவர், ‘ஃபார்முலா’ என்னும் ஒரு சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று பொருளில் எதிர்கொள்ள நேரும். ஹாரிஸ், பெனடிக்ட் ஆகிய இருவரும் 1919இல் வெளியிட்ட கணக்கீட்டு முறை முதலாவது. ஒருவருடைய எடை, உயரம், அகவை, ஆண் பெண் வேறுபாடு ஆகியவற்றைக் கொண்டு, ஓய்வு நிலையில் அவருடைய உடல் செலவிடும் ஆற்றலை அது மதிப்பிடுகிறது. கடுமையான ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எஃப்-75, எஃப்-100 என்னும் சிகிச்சைப் பால்கள் இரண்டாவது. அப்பெயர்களில் உள்ள ‘எஃப்’ ஃபார்முலாவைக் குறிக்கும். எண்கள் 100 மில்லிலிட்டர் பாலில் அடங்கிய கிலோகலோரியின் அளவு. தாய்ப்பால் பெறாத குழந்தைக்குக் கரைத்து ஊட்டப்படும் பால்மாவு மூன்றாவது. முதலாவது கணக்கிடப்படுவது, இரண்டாவது அளந்து கலக்கப்படுவது, மூன்றாவது குடிக்கப்படுவது.

ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டினால் சூத்திரம், வாய்பாடு என்னும் இரு சொற்கள் கிடைக்கும். இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. இரண்டுள் எதுவும் குடிக்கப்படுவதைச் சுட்டாது. ‘ஃபார்முலா’ நடந்துவந்த வழியைப் பின்தொடர்ந்து, எந்தெந்த இடத்தில் தமிழ்ச்சொற்கள் அதனோடு ஒத்துச் செல்கின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலத்தீனில் ‘ஃபோர்மா’ என்பது வடிவம் அல்லது அச்சு. ‘ஃபார்முலா’ அதன் சிறுமைப் பெயர். இச்சொல் பெருவழக்கில் நின்ற தொடக்க காலத் துறை கணிதமன்று, சட்டம். உரோமின் பழைய வழக்குமுறையில், வாதி சட்டத்தின் சொற்களையே பிறழாமல் உச்சரிக்க வேண்டியிருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு மொழியியலாருக்குச் சுவையானது. தன் திராட்சைக் கொடிகளை வெட்டியவன்மீது வழக்குத் தொடுத்த ஒருவர் ‘கொடிகள்’ என்று கூறியதால் வழக்கை இழந்தார். பன்னிரு பலகைச் சட்டத்தில் இருந்த சொல் ‘மரங்கள்’ என்பதே. அதையே அவர் கூறியிருத்தல் வேண்டும்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தவே ஃபார்முலா முறை வந்தது. நீதித் தலைவர் ஒவ்வொரு வழக்கிற்கும் ஒரு எழுத்தாவணம் வகுத்துத் தருவார். இன்னது மெய்யெனத் தெரிந்தால் பிரதிவாதிக்கு எதிராகத் தீர்க்க, இல்லையேல் விடுவிக்க என்னும் நிபந்தனைத் தொடரே அதன் சட்டகம். மாதிரி ஆவணங்களில் வாதி எப்பொழுதும் அவுலுஸ் அகேரியுஸ், பிரதிவாதி எப்பொழுதும் நுமேரியுஸ் நெகிதியுஸ். இவர்கள் எவருமல்லர், உண்மையான பெயர் வந்து அமர்வதற்கான வெற்றிடங்கள். மாறாத சட்டகமும் மாற்றி நிரப்பத்தக்க இடங்களும் சேர்ந்ததே ஃபார்முலா. இயற்கணிதத்தில் அறியாக் கணியங்களுக்கும் அறிந்த கணியங்களுக்கும் எழுத்துகளை நிறுத்தும் முறையை வியேத் 1591இல் வகுப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, சட்டத்துறை இந்த உத்தியைக் கையாண்டுவிட்டது.

இதனைத் தமிழ் இலக்கண மரபோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்று நாம் கூறும்போது, ‘செய்து’ என்பது எந்த ஒரு செயலையும் குறிப்பதன்று. நடந்து, வந்து, உண்டு ஆகிய அனைத்தும் வந்து அமர்வதற்கான இடம் அது. யாப்பில் தேமா, புளிமா என்பனவும் அவ்வாறே. அங்கே மாமரத்திற்கு வேலையில்லை. வினையியலில் தொல்காப்பியர் அடுக்கும் செய்து, செய்பு முதலிய வடிவங்கள் தமிழின் அவுலுஸ் அகேரியுசுகள் என்று கூறினால் மிகையாகாது. எனவே, அச்சும் வெற்றிடமும் என்னும் பொருளில் ‘ஃபார்முலா’வுக்கு நேரான தமிழ்ச்சொல் வாய்பாடே ஆகும்.

சூத்திரம் வேறு வகையினது. நூல் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்த இது, ஒரு விதியைச் சுருங்கக் கூறும் கூற்று. தொல்காப்பியச் செய்யுளியலும் பின்னர் நன்னூலும் சூத்திரத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிடுகின்றன. சிறிய பரப்பில் பெரிய பொருள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே ஒப்புமையின் கருத்து. பாஸ்கரரின் லீலாவதியில் கணக்கிடும் விதிகள் ‘கரணசூத்திரம்’ என்னும் தலைப்போடு செய்யுளாக வருகின்றன. காரி நாயனாரின் கணக்கதிகாரமும் விதிகளைச் செய்யுளில் தருகிறது: வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும் என்பது அவற்றுள் ஒன்று. இவற்றில் வெற்றிடக் குறிகள் இல்லை, ஏவல் உண்டு. ஆகவே, வட்டத்தின் பரப்புக்கான விதியையோ இருபடிச் சமன்பாட்டின் தீர்வையோ சூத்திரம் என்பது மரபுக்குப் பொருந்தும். இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தைப் பிரேசில் நாட்டுப் பள்ளிகள் இன்றும் பாஸ்கரரின் பெயராலேயே வழங்குகின்றன. பாஸ்கரரோ அம்முறையை ஸ்ரீதரருக்கு உரியதாகக் குறித்தவர்.

கணிதம் முழுவதும் சூத்திரத்திற்கு உரியது என்று இதனால் முடிவு செய்தலாகாது. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இலத்தீனில் எழுதிய நூல்களில், குறிகளால் ஆன எக்கோவையும் ஃபார்முலா எனப்பட்டது. அது எதையும் விதிக்க வேண்டியதில்லை. குறியீட்டு அளவையியலில் இப்பொருள் இன்றளவும் நிலைத்துள்ளது. அங்கே ஒழுங்காக அமைந்த ஃபார்முலா பொய்யாகவும் இருக்கலாம். பொய்யான சூத்திரம் என்பது தமிழில் முரண்தொடராகவே ஒலிக்கும். இவ்விடத்தில் ‘குறிக்கோவை’ என்பதே தக்கது என்பது என் கருத்து.

வேதியியலில் இரு கரைத் தமிழும் பிரிந்து நிற்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘மூலக்கூறு வாய்ப்பாடு’. இலங்கைப் பாடநூல்களில் ‘மூலக்கூற்றுச் சூத்திரம்’. வேதியியல் ஃபார்முலா விதியன்று. ஒரு பொருளில் எத்தனிமம் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் வடிவம். அவ்வகையில் தமிழ்நாட்டு வழக்கே நெருக்கமானது. இலங்கை வழக்குக்கு வேறொரு நலம் உண்டு: கணிதத்திற்கும் வேதியியலுக்கும் ஒரே சொல் என்பதால் மாணவர் தடுமாற வேண்டியதில்லை.

அரசியலில் இச்சொல் பெற்ற தமிழாக்கம் தனிக் கட்டுரைக்குரியது. 1944ஆம் ஆண்டின் சி.ஆர். ஃபார்முலா தமிழில் இராஜாஜி திட்டம் ஆயிற்று. 1968ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை ஏற்ற மும்மொழி ஃபார்முலாவை இந்தி, சூத்திரம் என்றது. தமிழ், மும்மொழித் திட்டம் என்றது. சூத்திரத்தை மனனம் செய்யலாம், திட்டத்தை மறுக்கலாம். அவ்வாண்டு சனவரியிலேயே தமிழ்நாடு சட்டமன்றம் இருமொழிக் கொள்கைக்கான தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது.

இனி, குடிக்கப்படும் ஃபார்முலாவுக்கு வருவோம். இச்சொல்லின் வரலாற்றில் மிகுந்த விளைவுகளை உடைய பகுதி இதுவே.

வேதியியல் குறியீட்டிற்கும் குழந்தை உணவிற்கும் பொதுவான ஒரு பெயர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக். தனிமங்களுக்கு எழுத்துகளைக் குறியாக்கும் முறையை 1813–14இல் வகுத்த பெர்சீலியஸ், அணுக்களின் எண்ணிக்கையை எழுத்தின் மேற்புறத்தில் எழுதினார். அதனைக் கீழே இறக்கி, இன்று ‘எச்2ஓ’ என்பதில் நாம் காணும் இடத்தில் அமைத்தவர்கள் லீபிக்கும் போகெண்டார்ஃபும், ஆண்டு 1834. அதே லீபிக், 1865இல் ‘குழந்தைகளுக்கான சூப்பு’ ஒன்றின் செய்முறையை வெளியிட்டார். கோதுமை மாவு, முளைதானிய மாவு, பசுவின் பால், சிறிதளவு பொட்டாசியம் பைகார்பனேட் ஆகியவை அதன் கூறுகள். உடலை வளர்க்கும் கூறுகளும் வெப்பம் தரும் கூறுகளும் தாய்ப்பாலில் எந்த விகிதத்தில் உள்ளனவோ அதே விகிதத்தில் கலந்தால், கலவை தாய்ப்பாலுக்கு ஈடாகும் என்பது அவருடைய வாதம். விகிதம் சரியெனில் பொருளும் அதுவே என்னும் இவ்வெண்ணம், வேதியியல் வாய்பாட்டின் நேரடி நீட்சி எனலாம்.

1867இல் பாரிசில் டெபோல் என்னும் மகப்பேற்று மருத்துவர் இவ்வுணவை நான்கு பச்சிளங் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நால்வரும் இறந்தனர். பிரெஞ்சு மருத்துவப் பேரவையில் இது கடும் விவாதத்திற்குள்ளாயிற்று. உயிர்ச்சத்து என்னும் கருத்துக்கு ஃபுங்க் ஒரு பெயர் தந்ததே 1912இல்தான். ஏட்டில் இடம்பெறாத கூறுகள் பாலில் இருந்தன என்பதை 1860களின் எந்த வாய்பாடும் காட்டியிருக்க இயலாது.

ஆயினும், லீபிக்கின் சூப்பை அக்காலத்தார் பொதுவாக ‘உணவு’ என்றனரேயன்றி ஃபார்முலா என்றனரல்லர். அப்பெயர் இத்துறையில் வேரூன்றியது அமெரிக்க மருத்துவரின் மேசையில். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தாமஸ் மார்கன் ராட்ச் 1890களில் ‘விழுக்காட்டு முறை’யைப் பரப்பினார். கொழுப்பு, சர்க்கரை, புரதம் ஆகியவை எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே மருத்துவர் எழுதித் தருவார். 1891இல் பாஸ்டனில் தொடங்கப்பெற்ற வாக்கர்–கார்டன் பால் ஆய்வகம் அச்சீட்டின்படி பாலைக் கலந்து தரும். குழந்தை வளர வளர, சீட்டு மாறும். தாய் மீண்டும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருந்துச் சீட்டு என்னும் பழைய பொருளில்தான் இங்கே ஃபார்முலா வழங்கியது. அது தாளில் இருந்தது, புட்டியில் இல்லை.

பின்னர், மருத்துவர் எழுதிக் கொடுக்க, வீட்டில் செறிவூட்டிய டப்பாப் பாலும் நீரும் சர்க்கரைப் பாகும் சேர்த்துக் கலக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஆயத்தக் கலவைகள் கடைக்கு வந்தபோது சீட்டுக்குத் தேவையில்லாது போயிற்று. சீட்டின் பெயர் மட்டும் டப்பாவிற்குள் சென்றுவிட்டது. நம் இலக்கணத்தில் இது கருவியாகுபெயரின்பாற் படும். ஆனால் ஆகுபெயராகும்போது சொல் தன் பழைய மதிப்பைக் கழற்றி வைப்பதில்லை. இந்தக் குழந்தைக்கென்று மருத்துவர் கணித்து எழுதியது என்னும் நிழல், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றாகச் செய்யப்பட்ட மாவின்மீதும் விழுகிறது.

இந்தியாவில் இவ்வுணவின் வரலாறு எருமையோடு தொடர்புடையது. 1950களில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், கொழுப்பு மிகுந்த எருமைப்பாலைக் குழந்தை உணவாக்கும் முறையை வகுத்தது. குஜராத்தின் ஆனந்த் கூட்டுறவு அதனைத் தொழிலளவில் கொண்டுவந்தது. உலக சுகாதாரப் பேரவை 1981இல் ஏற்ற பன்னாட்டு விற்பனை நெறிமுறை, ‘தாய்ப்பாலுக்கான மாற்று’ என்பதைப் பொதுச்சொல்லாகவும் ‘ஃபார்முலா’வை அதன் ஒரு வகையாகவும் வரையறுத்தது. 1992ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமோ தன் தலைப்பிலேயே ‘குழந்தைப் பால் மாற்று’ என்னும் சொல்லை வைத்தது. அதனினும் நோக்கத்தக்கது அது விலக்கிய சொற்கள். பாலை மனிதப்பாலாக ஆக்கியது, தாய்மைப்படுத்தியது என்னும் பொருள் தரும் இரு ஆங்கில அடைமொழிகளையும் அவை போன்றவற்றையும் டப்பாவின்மேல் அச்சிடலாகாது; குழந்தையின் படமோ பெண்ணின் படமோ கூடாது. 2003இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. தாய்ப்பாலே சிறந்தது என்னும் அறிவிப்பைப் பெரிய எழுத்து வடிவில் அச்சிட வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஆங்கில அரிச்சுவடியில் உள்ள அவ்வேறுபாடு தமிழ் எழுத்துக்கு இல்லை. அழுத்தத்தை எழுத்தின் அளவாலும் தடிப்பாலும் மட்டுமே நாம் காட்ட முடியும்.

தமிழாக்குபவர் இங்கே என்ன செய்வது? ‘சூத்திரப் பால்’ என்பது எவ்வகையிலும் கொள்ளத்தக்கதன்று. விதி என்னும் பொருள் பாலுக்குப் பொருந்தாது என்பது ஒரு காரணம். வலுவான காரணம் ஒலியியல் சார்ந்தது. வடமொழியில் வெவ்வேறான இரு சொற்கள், ஒன்று நூலைக் குறிப்பது, மற்றது நான்காம் வருணத்தைக் குறிப்பது, தமிழ் எழுத்தில் ‘சூத்திர’ என்னும் ஒரே வடிவை எய்துகின்றன. கணிதத்தில் சூழல் பொருளைக் காக்கும்; பாலோடும் குழந்தையோடும் சேரும் தொகையில் காக்காது. சுயமரியாதை இயக்கம் அந்த இரண்டாம் பொருளை எதிர்த்து நிகழ்த்திய நெடும் போராட்டத்திற்குப் பின்னர், தாய்மாருக்கான துண்டறிக்கையில் இத்தொகையை எழுதுவது பொறுப்பின்மையாகும்.

‘ஃபார்முலா பால்’ என்று ஒலிபெயர்ப்பது எளிது. நகர வழக்கிலும் உள்ளது. மேலே கூறிய சீட்டின் நிழல் அதனோடு வந்துவிடும். ‘மாற்று’ என்பதிலும் இடர்ப்பாடு இல்லாமலில்லை. மாற்றுவழி, மாற்றுத்துணி என்னும் தொடர்களில் அது ஒன்றற்கு ஒன்று நிகர் என்னும் குறிப்பைத் தருகிறது. சட்டம் தவிர்க்க விரும்பியது அந்நிகர்மையையே. இலங்கைத் தமிழர் நாள்தோறும் வழங்கும் ‘பால்மா’ எதனையும் உயர்த்திக் கூறாமல், உள்ளதை உள்ளவாறு கூறுகிறது: இது மா, நீரில் கரைக்கப்பட வேண்டியது. நீரின் தூய்மையிலும் அளவிலும் பிழை நேர்ந்தால் குழந்தை நோயுறும் என்பதால், கரைக்கப்படுவது என்னும் செய்தி பெயரிலேயே நிற்பது நன்று. சட்ட ஆவணங்களில் ‘தாய்ப்பால் மாற்று’ என்றும், தாய்மாருக்கான அறிவுரைகளில் ‘குழந்தைப் பால்மா’ என்றும் எழுதலாம். ஊட்டக்குறைவுச் சிகிச்சைப் பிரிவுகளுக்கான கையேடுகளில் எஃப்-75 அப்படியே நிற்க, அதன் கூறுகளைத் தரும் பட்டியலுக்குக் ‘கலவை வாய்பாடு’ என்று தலைப்பிடலாம். ஹாரிஸ்–பெனடிக்டின் முறை மட்டும் சூத்திரமாக இருக்கட்டும். அதில் எண்களை இட்டுக் கணக்கிட்ட பின்னரே, எத்தனை கரண்டி மா என்பது முடிவாகும் நோயாளிகளும் உண்டு.