பீரோ மேல இருக்குற கை

போன வாரம் ஓபியில பிரஷர் மாத்திரை வாங்க ஒரு அண்ணன் வந்தார். கோச்சடைக்காரர். மேலக்கால் ரோட்டுல கரும்பு ஜூஸ் வண்டி. எட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த மெஷின்லயே வலது கை மாட்டி, முழங்கைக்குக் கீழ எடுத்தாச்சு. "செயற்கைக் கை குடுத்திருப்பாங்களே, போடலையாண்ணே?"ன்னு கேட்டேன்.

"பீரோ மேல இருக்கு சார். மக கல்யாணத்துக்குப் போட்டேன். போட்டோல நல்லா இருந்துச்சு."

அவரைக் குத்தம் சொல்ல முடியாது. இது நூறு வருஷத்துக்கு மேலான கதை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவிட் டோரன்ஸ் என்று ஒருவர். 1909-ல் மரம் அறுக்கும் மில்லில் வலது கை போனது. அன்றைக்குக் கிடைத்த செயற்கைக் கைகள் எதுவும் வேலைக்கு ஆகவில்லை. தானே ஒன்று செய்து 1912-ல் காப்புரிமை வாங்கினார். பார்க்க கை மாதிரியே இருக்காது. வளைந்த இரண்டு இரும்பு விரல், அவ்வளவுதான். ரப்பர் பட்டை ஒன்று அதை மூடியே வைத்திருக்கும். எதிர்ப்பக்கத் தோளைச் சுற்றி ஒரு வார், அதிலிருந்து ஒரு கம்பி. தோளை அசைத்தால் கொக்கி திறக்கும், தளர்த்தினால் ரப்பர் இழுத்து மூடும். பிடி இறுகணுமா? இன்னொரு ரப்பர் மாட்டு! கொக்கி எவ்வளவு திறந்திருக்கு என்பதைக் கம்பியின் இழுவையே தோளுக்குச் சொல்லிவிடும். இதே அமைப்பு இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது.

அப்புறம் மின்சாரக் கை. தசை சுருங்கும்போது தோலில் எழும் மிகச் சிறிய மின் சமிக்ஞையை வைத்துக் கையை இயக்கலாம் என்று 1948-லேயே ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ரைட்டர் செய்து காட்டிவிட்டார். ஆனால் கருவியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. 1960 வாக்கில் சோவியத் விஞ்ஞானிகள் டிரான்சிஸ்டர் வைத்து உடலில் மாட்டும் அளவுக்குச் சுருக்கினார்கள். இப்போது அது நம்ம ஊரிலும் செய்கிற அளவுக்கு வந்தாச்சு. ஆனா மதுரை வெயில்ல சாக்கெட்டுக்குள்ள வியர்த்து ஊத்தினா சமிக்ஞை தடுமாறும். தண்ணி படக்கூடாது, தினம் சார்ஜ் போடணும். ஜூஸ் கடைக்காரர் என்ன செய்வார்?

"ஜெய்ப்பூர் கால் ஜெயிச்சதே சார்?"ன்னு கேப்பீங்க. ஆமா. 1968-ல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்தது. வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் போடலாம், சேற்று வயலில் இறங்கலாம். காலுக்கு உள்ள வேலையெல்லாம் அதில் அடங்கிவிட்டது. கை அப்படி இல்லை. கொத்தனார் கை வேற, பூ கட்டுற கை வேற. அதுபோக ஒரு கால் போனா நடக்கவே முடியாது. ஒரு கை போனா இன்னொரு கை சமாளிச்சிடும். அதனாலதான் செயற்கைக் கை பீரோ மேல ஏறிடுது.

வேலையைப் பார்த்துக் கையைச் சரிசெய்ததற்கு நம்ம வேலூரிலேயே உதாரணம் உண்டு. கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், 1940-களின் கடைசியில் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றிப் பொருத்தினார். கை விரிந்தது. ஆனால் விரிந்த கைக்குப் பிச்சை விழவில்லை, வேலையும் யாரும் கொடுக்கவில்லை! மருத்துவத்துக்கு முன்பே தச்சு வேலை கற்றவர் அவர். நோயாளிகளுக்கே ஒரு பட்டறை போட்டார். வலி தெரியாத கை எந்தக் கருவியைப் பிடிக்கும்போது புண்ணாகிறது என்று கூடவே இருந்து பார்த்துக் கைப்பிடிகளை மாற்றினார்.

ஜூஸ் கடை அண்ணன் கிளம்பும்போது கேட்டார்: "ஸ்டான்லியில வேற ஆள் கையவே வச்சாங்களாமே?"

உண்மைதான். 2018-ல் இரண்டு கையும் இழந்தவருக்குச் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் செய்தார்கள். வெளியிலிருந்து வந்த கையை உடம்பு நிராகரிக்காமல் இருக்க ஆயுசு முழுக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடணும். ஒரு கை நல்லா இருக்குறவருக்கு அந்த ரிஸ்க் தேவையில்லைன்னு சொன்னேன்.

போனில் கொக்கி படம் காட்டினேன். "சினிமா வில்லன் மாதிரி இருக்கே சார்"னு சிரிச்சார். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது டம்ளரப் புடிக்குமா?"ன்னார்.

புடிக்கும். வர்ற செவ்வாய்க்கிழமை டம்ளரோட வரச் சொல்லியிருக்கேன்.