வாடிக்கையின் நினைவு: இணைய வணிகத்தில் மறுவருகையும் குக்கீயின் தொடக்க வரலாறும்

திறவுச்சொற்கள்: வாடிக்கை, மறுவருகை, குக்கீ, இணைய வணிகம், ஒப்புதல்

முன்னுரை

ஒருமுறை வாங்கியவரை மீண்டும் வரச்செய்வது வணிகத்தின் பழைய கவலை. தமிழில் 'வாடிக்கை' என்னும் சொல் வழக்கத்தையும், ஒரே கடையில் தொடர்ந்து கொள்முதல் செய்யும் உறவையும் ஒருங்கே குறிக்கின்றது. மளிகைக் கடைக்காரர் நோட்டில் எழுதிவைக்கும் பற்றுக்கணக்கும், காய்கறி விற்பவர் கொசுறாகத் தரும் கறிவேப்பிலையும் இவ்வுறவைப் பேணுபவை. இரண்டுக்கும் அடிப்படை, வந்தவர் இன்னார் என்பதைக் கடைக்காரர் நினைவில் வைத்திருப்பதே. 1990களின் இடைப்பகுதியில் உருவான இணைய வணிகத்துக்கு அந்நினைவு வாய்க்கவில்லை. அது எவ்வாறு உண்டாக்கப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது, அதுகுறித்து வாடிக்கையாளரிடம் கேட்கப்பட்டதா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. மறுவருகை பற்றிய வணிகக் கையேடுகள் தள்ளுபடி, மின்மடல், புதிய உள்ளடக்கம் என உத்திகளை அடுக்குகின்றன. அவ்வுத்திகளைத் தாங்கிநிற்கும் அடித்தளத்தின் வரலாற்றை அவை பெரிதும் பேசுவதில்லை.

மறதியுள்ள கடை

இணையப் பக்கங்களைக் கொண்டுசேர்க்கும் எச்.டி.டி.பி. நெறிமுறை, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீயின் முயற்சியால் உருவானது. ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதே அதன் நோக்கம். ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்தது. பக்கத்தை அனுப்பியவுடன் வழங்கி, கேட்டவரை மறந்துவிடும். ஆவணப் பகிர்வுக்கு இம்மறதி நன்மையே. கடைக்கு அது பெருங்குறை. ஒரு பக்கத்தில் நூலைத் தேர்ந்தவர் அடுத்த பக்கத்துக்குச் சென்றால், அவர் தேர்ந்தது இன்னது என்பது கடைக்குத் தெரியாது.

1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் நிரலாளர் லூ மொண்டுலி இதற்குத் தீர்வு கண்டார். எம்.சி.ஐ. என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக இணைய வணிகச் செயலி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. முற்றுப்பெறாத கொள்முதல் விவரங்களைத் தன் வழங்கிகளில் சேமிக்க அந்நிறுவனம் விரும்பவில்லை. எனவே அவ்விவரத்தைச் சிறு குறிப்பாக்கி வாங்குபவரின் கணினியிலேயே வைப்பது என முடிவாயிற்று. வழங்கி அனுப்பும் குறிப்பை உலாவி காத்துவைத்து, அதே தளத்துக்கு மீளும்போது திருப்பிக் காட்டும். யூனிக்ஸ் நிரலாளர்களிடையே வழங்கிய 'மேஜிக் குக்கீ' என்னும் தொடரிலிருந்து அதற்குப் பெயர் வந்தது.

கூடைக்காக வகுக்கப்பட்ட இக்கருவி, முதலில் பயன்பட்டது கூடைக்கன்று. நெட்ஸ்கேப்பின் தளத்துக்கு வருபவர் முன்னரே வந்தவரா என்று அறியவே அது முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது. இச்செய்தி சிறிதெனத் தோன்றினாலும் முதன்மையானது எனக் கருதுகிறேன். மறுவருகையை அறியும் ஆவல், குக்கீயின் பிற்காலத் திரிபன்று. அதன் பிறப்பிலேயே இருந்தது.

பற்றுக்கணக்கு நோட்டு கடைக்காரரின் பெட்டியில் இருந்தது. அப்படியொன்று உண்டென்பதை வாடிக்கையாளரும் அறிவார். குக்கீயோ வாடிக்கையாளரின் இல்லத்தில் இருந்தது. ஆனால் அது இருப்பதை அவர் அறியார். தொடக்க உலாவிகள் அதை எவ்வித அறிவிப்புமின்றி ஏற்றன. 1996 பிப்ரவரியில் 'ஃபைனான்சியல் டைம்ஸ்' இதழ் எழுதிய பின்னரே செய்தி பொதுமக்களிடையே பரவத் தொடங்கியது.

விதியும் இயல்பமைப்பும்

குக்கீயை வைத்த தளத்துக்கே அது மீள்கின்றவரையில், கடைக்காரரின் நினைவு என்னும் ஒப்புமை பொருந்தும். ஆனால் ஒரு பக்கத்திலுள்ள விளம்பரப் படம் வேறொரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வரக்கூடும். அவ்வழங்கியும் தன் குக்கீயை வைக்கலாம். அதே நிறுவனத்தின் விளம்பரம் நூறு தளங்களில் இருந்தால், நூறு கடைகளிலும் ஒருவர் நடமாடுவதை அது காணும். அதனிடம் அவர் எதுவும் வாங்கியவரல்லர்.

இவ்விடர் தொடக்கத்திலேயே உணரப்பட்டது என்பதற்கு உறுதியான ஆவணச் சான்று உண்டு. டேவிட் கிரிஸ்டலும் மொண்டுலியும் எழுதி 1997 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2109 என்னும் தரநிலை, இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கீகளை உலாவிகள் ஏற்கலாகாது என்றது. ஏற்கும் வசதி தரப்பட்டாலும் இயல்பமைப்பில் அது அணைந்திருக்க வேண்டும் என்றது. விளம்பர நிறுவனங்கள் எதிர்த்தன. நெட்ஸ்கேப், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் உலாவிகள் இவ்விதியைப் பின்பற்றவில்லை. 2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6265, நடைமுறையில் இருந்ததையே பதிவுசெய்து, மூன்றாம் தரப்புக் குக்கீ பற்றிய முடிவை உலாவிகளிடமே விட்டது. விதி எழுதியவர்களைவிட இயல்பமைப்பை வகுத்தவர்களே வரலாற்றை முடிவுசெய்தனர்.

டபிள்கிளிக் நிறுவனத்தின் நிகழ்வு இதன் எல்லையைக் காட்டியது. அந்நிறுவனம் 1999இல் அபாகஸ் டைரக்ட் என்னும் அஞ்சல்வழி வணிகத் தரவு நிறுவனத்தை வாங்கியது. குக்கீகளில் பெயரின்றி இருந்த நடமாட்டப் பதிவை, பெயரும் முகவரியும் கொண்ட கொள்முதல் பதிவோடு இணைப்பது அதன் திட்டம். எதிர்ப்பும் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விசாரணையும் எழுந்தபின், 2000 மார்ச்சில் அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

அதே காலத்தில் அமேசான் வேறு வழியில் சென்றது. 1999 செப்டம்பரில் அது பெற்ற 'ஒரு சொடுக்கு' காப்புரிமை, மீண்டும் வருபவரை அடையாளங்கண்டு முகவரியையும் அட்டை எண்ணையும் மறுபடி கேளாது விற்பது. 2005இல் ஆண்டுக்கு 79 டாலர் கட்டணத்தில் அது தொடங்கிய பிரைம் திட்டத்தில், மீண்டும் வருவதற்கான காரணத்தை வாடிக்கையாளரே முன்பணம் கொடுத்து வாங்கினார். கொசுறுக்கும் கட்டணம் வாங்கிய வணிகம் எனலாம். இவற்றைக் குறையற்றவை என்று சொல்வதற்கில்லை. எனினும் இங்கு நினைவு கடைக்குள் நின்றது, வாங்கியவரும் அதை அறிந்திருந்தார்.

ஒப்புதலின் மொழி

இந்தியாவில் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தடையற்றதாகவும் தெளிவானதாகவும், விவரமறிந்து தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கின்றது. ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும் விதிக்கின்றது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. 1994இல் கேட்கப்படாத கேள்வி இனித் தமிழில் எழுதப்பட வேண்டும். 'குக்கீ' என்னும் ஒலிபெயர்ப்பு, பற்றுக்கணக்கு நோட்டை அறிந்த ஒருவருக்கு எதையும் உணர்த்துவதில்லை. இவ்வறிவிப்புகளுக்குரிய சொற்களை உருவாக்கும் பணி நிறுவனங்களின் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு மட்டுமே உரியதா, தமிழ்த்துறைகளுக்கும் அதில் பங்குண்டா என்பது இப்போது நம்முன் உள்ள கேள்வி.