துரையின் முன் நின்ற மன்னன்

கோல சிலாங்கூரிலும் அதற்கு வடக்கேயும் பரந்து கிடந்த இரப்பர்த் தோட்டங்களில் ‘துரை’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று இருந்தது. மேட்டு பங்களாவில் வாழ்ந்த வெள்ளைக்கார நிருவாகியையே அச்சொல் குறித்தது. தொழிலாளியின் வேலையும் கூலியும் குடியிருந்த லயத்து வீடும் அவர் கையில் இருந்தன. அவர் எதிர்ப்பட்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அந்நாளைய தோட்ட வழக்கம். இதனை மனத்திற் கொண்டாலன்றி, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் சிவாஜி கணேசன் காட்டிய நடிப்பு மலாயாத் தமிழர் நெஞ்சில் பெற்ற இடத்தை அளந்தறிதல் இயலாது.

அரச வேடம் அக்கலைஞருக்குப் புதியதன்று. 1946இல் அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்தபோதுதான் வி. சி. கணேசன், பெரியாரின் வாயால் ‘சிவாஜி’ ஆனார். சிறுவயதில் கண்ட கட்டபொம்மன் கூத்தே தம்மை நடிப்பின்பால் ஈர்த்தது என்று அவர் பின்னாளில் கூறியதுண்டு. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகம் 1957இல் சேலத்தில் அரங்கேறியது, பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1959இல் வண்ணப்படமாயிற்று. மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதினை அது அவருக்குப் பெற்றுத் தந்தது.

படத்தின் உயிர்நாடி, சி. ஆர். பார்த்திபன் ஏற்ற ஜாக்சன் துரையைக் கட்டபொம்மன் சந்திக்கும் காட்சியாகும். தொடக்கத்தில் அடக்கமும் ஏளனமும் கலந்து ஒலிக்கும் குரல், வரிப்பேச்சு எழுந்ததும் படிப்படியாய் உயர்ந்து இடியாய் முழங்குகிறது. மீசையும் விழியும் மார்பும் சொல்லுக்குத் துணை நிற்கின்றன. இது மிகைநடிப்பு என்பாரும் உளர். கூத்து மேடையின் மரபில் வந்த நடிப்பு அது. தொலைவில் இருப்பவனுக்கும் மானம் இன்னதென விளங்கவேண்டும் என்பதே அதன் இலக்கு. தோட்டத் திடலில் திரைகட்டிப் படங்காட்டிய நாட்களில், பாய்விரித்துத் தரையில் அமர்ந்து பார்த்தவர்க்கு அத்தகைய நடிப்பே ஏற்றதாயிருந்தது.

வரலாறு காட்டும் காட்சியோ வேறு. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரை ஜாக்சன் ஊர் ஊராய் அலையவிட்டு, 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தான். அங்கே அவரை மூன்று மணி நேரம் நிற்க வைத்தே விசாரித்தான் என்பர். கைது செய்ய முயன்றபோது வாயிலில் கைகலப்பு மூண்டது. கிளார்க் என்னும் படை அதிகாரி மாண்டான், கட்டபொம்மன் தப்பினார், அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிக்கினார். பின்னர்க் கும்பினியாரே விசாரித்து ஜாக்சனைப் பதவி நீக்கினர். ஆயினும் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஆக, உண்மைக் கட்டபொம்மன் துரையின் முன் நின்றவர். நின்றவருக்கு நூற்றறுபது ஆண்டு கழித்து நாடகாசிரியர் சொல் தந்தார். நடிகர் குரல் தந்தார்.

அக்குரல் திரையில் ஒலிப்பதற்குப் பதினெட்டாண்டு முன்னரே சிலாங்கூர்த் தோட்ட மக்கள் தம் சொந்தக் குரலை எழுப்பியிருந்தனர். 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. கூலி உயர்வு, தக்க கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, துரையைக் கண்டு மிதிவண்டியினின்று இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கையாம். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மே 16இல் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் நீத்தனர்.

சில காசுக் கூலிக்காக மட்டும் அன்று அவர்கள் போராடவில்லை. நிமிர்ந்து செல்லும் உரிமைக்காகவும் போராடினர். பாஞ்சாலங்குறிச்சியாரின் வழக்கும் அடிப்படையில் அதுவேயன்றோ! ஆதலின், அப்படத்தைக் கண்ட தோட்டத்து முதியவர் கைதட்டியது வெறும் வசன மயக்கத்தால் என எண்ணுதல் பிழை. வாய்மூடி நின்ற காலத்தின் கணக்கினை அவர் அங்கே தீர்த்துக்கொண்டார்.

இன்று அத்தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பு நிலங்களாகவும் மாறிவிட்டன. கட்டபொம்மன் வசனத்தை மேடையில் முழங்கும் இளைஞர், அதனோடு 1941ஆம் ஆண்டின் மிதிவண்டிக் கதையையும் அறிந்திருத்தல் வேண்டும். முன்னது நடிகர் தந்த வீரம். பின்னது நம் முன்னோர் வாழ்ந்து காட்டிய வீரம்.