அலுவலக மேசையும் நாவலாசிரியரும்

எழுத்தாளன் என்போன் மனம் போனபோது எழுதுபவன், உள்ளத்தில் எழுச்சி தோன்றும்வரை காத்திருப்பவன் என்றோர் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. அவ்வெண்ணத்தோடு எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்பூழின் வாழ்வை அணுகுவோர் ஏமாற்றமே அடைவர். 1988-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது; அரபு மொழியில் எழுதி அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. ஆயினும் தம் அறுபதாம் வயது வரை அவர் அரசு அலுவலராகவே இருந்தார்.

1911 டிசம்பர் 11 அன்று கெய்ரோவின் பழைய பகுதியான ஜமாலிய்யாவில் பிறந்தார். இமாம் ஹுஸைன் பள்ளிவாசலும் கான் அல் கலீலிக் கடைவீதியும் அப்பகுதியைச் சார்ந்தவை. பிரசவம் பார்த்த புகழ்பெற்ற கிறிஸ்தவ மருத்துவரின் பெயரையே தந்தை மகனுக்குச் சூட்டினார். உடன்பிறந்தோர் யாவரும் வயதில் மிக மூத்தவர்கள். ஆகவே வீட்டில் விளையாட்டுத் தோழர் எவருமின்றி வளர்ந்த பிள்ளை அவர். 1919-இல் ஆங்கிலேயருக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, வீட்டுச் சாளரத்தின் வழியே அந்த அமளியைக் கண்டார். பின்னர் குடும்பம் அப்பாஸிய்யாவுக்குக் குடிபெயர்ந்தது. அவர் மனம் மட்டும் பழைய சந்துகளை விட்டு அகலவேயில்லை.

அவர் எழுதப் பழகிய விதத்தை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். சிறுவயதில் துப்பறியும் கதையொன்றைப் படித்து முடித்ததும், அதையே ஓர் ஏட்டில் தம் சொந்த அனுபவங்களையும் கலந்து மீண்டும் எழுதி, மேலட்டையில் தம் பெயரைப் பொறித்துக் கொள்வாராம். மன்பலூத்தியின் நடையில் மயங்கி அவ்வாறே எழுதிப் பார்த்தார். தாஹா ஹுஸைன் தம் இளமை வரலாற்றுக்கு ‘நாட்கள்’ என்று பெயரிட்டதைக் கண்டு, ‘ஆண்டுகள்’ என்றே தம் கதையை எழுதத் தொடங்கினார்! பிறர் நடையின் சாயல் படிந்துவிடுமோ என்று அஞ்சி, நூல்களைத் தொடாமலே எழுத முற்படும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அச்சிடுவதற்காக அன்றிப் பயிற்சிக்காகச் செய்யப்படும் போலி எழுத்து குற்றமாகாது என்பதே நம் கருத்து. கைக்கு வலு சேர்வது அவ்வாறுதான்.

1934-இல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். ஷைகு முஸ்தபா அப்துர் ராஸிக்கின் மேற்பார்வையில் உயர்பட்ட ஆய்வு ஒன்றைத் தொடங்கி, இலக்கியத்தின் பொருட்டு அதனைக் கைவிட்டார். அந்த ஷைகு வக்பு அமைச்சரானபோது தம் மாணவரைச் செயலாளராக அமர்த்திக் கொண்டார். பின்பு அதே அமைச்சகத்தில் ஏழைகளுக்கு வட்டியில்லாமல் வழங்கப்படும் ‘கர்ழ் ஹஸன்’ எனும் அழகிய கடன் திட்டத்தையும் மஹ்பூழ் கவனித்தார். கடன் கேட்டு வருவோரின் குடும்பக் கதைகள் நாள்தோறும் தாமாகவே வந்து சேரும் இடம் அது. கதைக்குக் கரு கிடைக்கவில்லை என வருந்துவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் ஃபிர்அவ்ன் காலத்து எகிப்தையே நாவல்களாக்க விரும்பி, ஏறத்தாழ 40 கதைக் கருக்களைத் திட்டமிட்டிருந்தார். 1939 முதல் 1944 வரை மூன்று நூல்கள் வந்ததும், எஞ்சியவற்றை ஒதுக்கிவிட்டுத் தம் காலத்துத் தெருக்களுக்குத் திரும்பினார். பாடுபட்டுத் திரட்டியதைத் துறப்பது எளிதன்று. அத்துறவின் பயனே 1947-இல் வெளிவந்த ‘ஸுகாக் அல் மிதக்’, மிதக் சந்தின் கதை.

அலுவலகம் பிற்பகலில் முடியும். மாலை நான்கு மணிக்கு எழுத அமர்ந்தால் ஏழு வரை எழுத்து, அதன்பின் பத்து வரை படிப்பு. வெள்ளியன்று மட்டும் விடுப்பு. ஏப்ரலில் தொடங்கும் கண் ஒவ்வாமையால் கோடையில் எழுத இயலாது. எனவே இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரையுள்ள மாதங்களே அவருடைய எழுத்துப் பருவம். எழுத்தால் வயிறு வளர்க்க அவர் எண்ணியதில்லை. தொடக்கத்தில் எழுதிய ஏறத்தாழ 80 சிறுகதைகளுக்குக் கூலியே பெற்றதில்லை என்று பின்னாளில் கூறியிருக்கிறார். சம்பளம் வேறிடத்திலிருந்து வந்ததால் பத்திரிகையின் விருப்பத்திற்குத் தம் பேனாவை வளைக்கும் தேவை அவருக்கு எழவில்லை. அலுவல் எழுத்துக்குப் பகை என்போர் இப்பக்கத்தையும் காண வேண்டும்.

கெய்ரோ வணிகக் குடும்பமொன்றின் மூன்று தலைமுறைகளைச் சொல்லும் அவருடைய பெருநாவல் இந்த ஒழுங்கில் பிறந்ததே. பாத்திரங்கள் ஒன்றோடொன்று குழம்பாதிருக்க ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு வைத்திருந்தார். எழுத்தர் வேலை கற்றுத் தந்த வித்தை போலும்! 1952-இல் முடிந்த அப்பிரதியின் பருமனைக் கண்டு பதிப்பாளர் மலைத்துப் போனார். முடிவில் அது மூன்று நூல்களாகப் பிரிக்கப்பட்டு 1956, 1957 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. மூன்றுக்கும் கெய்ரோ இடப்பெயர்களே தலைப்பு. அந்த ஆண்டுகளில் அவர் புதிய நாவல் எதையும் எழுதாமல் திரைப்படக் கதைகளில் ஈடுபட்டிருந்தார்.

1959-இல் ‘அல் அஹ்ராம்’ நாளிதழில் தொடராக வந்த அவருடைய நாவல் ஒன்று, நபிமார்களின் வரலாற்றை உருவகமாக்குகிறது என்று உலமாக்களின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. அஸ்ஹரின் இசைவின்றி எகிப்தில் அதனை நூலாக்குவதில்லை என்ற நிலையில் அவர் உறுதியாக நின்றார். அந்நாவலைக் குறித்து மாறுபட்ட கருத்து கொள்ள எவருக்கும் உரிமையுண்டு. ஆயினும் 1994 அக்டோபர் 14 அன்று, நண்பரின் காரில் அமர்ந்திருந்த 82 வயது முதியவரின் கழுத்தில் கத்தியைப் பாய்ச்சிய இளைஞன் அவருடைய நூல் ஒன்றையேனும் படித்திருக்கவில்லை. அந்நாவலை எதிர்த்தவர்களுள் ஒருவரான ஷைகு முஹம்மது அல் கஸ்ஸாலி மருத்துவமனைக்கே சென்று நலம் விசாரித்தார்.

உயிர் தப்பியது; வலக்கையின் நரம்புகள் பழுதுற்றன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிய அந்தக் கை, பள்ளிச் சிறுவனின் கைபோல் ஏட்டில் தன் பெயரை எழுதிப் பழகத் தொடங்கியது. கோணல் எழுத்துக்கள் நாளடைவில் வரிகளாயின. நெடுநேரம் பேனாவைப் பிடிக்க இயலாததால் தாம் கண்ட கனவுகளைச் சில வரிகளுக்குள் அடங்கும் சிறு கதைகளாக எழுதினார். கை மேலும் தளர்ந்தபோது சொல்லிச் சொல்லி எழுதுவித்தார். ‘குணமடையும் காலத்துக் கனவுகள்’ என்னும் தலைப்பில் அவை வார இதழில் வெளிவந்தன. 2006 ஆகஸ்ட் 30 அன்று, 94 வயதில், அவர் மறைந்தார்.