நன்றியறிதலும் கிறிஸ்தவ மகிழ்ச்சியும்: குடியாத்தம், ஆம்பூர் பகுதிச் சபை மரபுகளை முன்வைத்து

குடியாத்தம், வேலூர் வட்டாரச் சபைகளின் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகள் அறிவிக்கப்படும் சில நிமிடங்கள் உண்டு. பிறந்தநாள், திருமண நாள், மகளின் தேர்ச்சி, தந்தையின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என ஒவ்வொரு காணிக்கையும் அதற்குரிய காரணத்தோடு வாசிக்கப்படுகிறது. சபைக் கணக்குக்கான ஏற்பாடு என்று இதைக் கடந்துபோவது எளிது. ஆனால் கிறிஸ்தவ மகிழ்ச்சியின் இயல்பை விளக்கும் முக்கியமான சான்று இந்த நடைமுறையில் இருக்கிறது. நன்றி என்பது மகிழ்ச்சிக்குப் பின் வரும் மரியாதைச் சொல் அல்ல. மகிழ்ச்சி எங்கே நிலைகொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். பெற்ற பொருளில் தங்கும் மகிழ்ச்சி பொருளோடு போய்விடும். நன்றி அதைக் கொடுத்தவரிடம் கொண்டு சேர்க்கிறது; அங்கிருந்து அயலாரிடமும் கொண்டுசெல்கிறது. மகிழ்ச்சி ஆழப்படுகிறது என்று இக்கட்டுரை சொல்வது இந்த நகர்வைத்தான்.

இப்பகுதியின் சமய வரலாறே இதற்கு வலுவான ஆதாரம் தருகிறது. 1853இல் ஸ்கடர் சகோதரர்களால் அமைந்த ஆற்காடு மிஷன், அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. அத்திருச்சபையின் விசுவாச ஆவணங்களுள் ஒன்று 1563இல் வெளிவந்த ஹைடல்பெர்க் வினாவிடை. அதன் 129 வினாக்களும் மனிதரின் அவலம், அவரது மீட்பு, அவரது நன்றி என மூன்று பகுதிகளாக அமைந்துள்ளன. பத்துக் கட்டளைகளும் கர்த்தருடைய ஜெபமும் மூன்றாம் பகுதியில், நன்றி என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. கட்டளைக்குக் கீழ்ப்படிவது மீட்பைச் சம்பாதிப்பதற்காக அன்று, பெற்ற மீட்புக்கு நன்றி சொல்வதற்காக என்பதே இந்த வரிசையின் பொருள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்பூரில் வேரூன்றிய லுத்தரன் சபையின் மரபு வேறு. லுத்தரின் 1529ஆம் ஆண்டுச் சிறிய வினாவிடை கட்டளைகளிலிருந்தே தொடங்குகிறது. ஆயினும் படைப்பைப் பற்றிய விசுவாசப் பிரமாணத்தை விளக்கும்போது அதுவும் கண், காது, உடை, காலணி, உணவு, வீடு என்று பெற்றவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, இவை யாவும் தகுதியின்றிக் கிடைத்தவை என்பதால் நன்றியும் ஊழியமும் கடமை என்றே முடிக்கிறது. தொடக்கம் வேறுபட்ட இரு மரபுகளும் நன்றியை வாழ்க்கை முறையாகவே காண்கின்றன.

வாழ்க்கை முறையான நன்றி எப்படி மகிழ்ச்சியாகிறது? உபாகமம் 26ஆம் அதிகாரம் அதன் ஒழுங்கைக் காட்டுகிறது. முதற்பலனைக் கூடையில் கொண்டுவருபவன் முதலில் தன் முன்னோர் பட்ட பாட்டையும் விடுதலையையும் அறிக்கையிடுகிறான். கூடையைக் கர்த்தர் முன் வைக்கிறான். அதன்பிறகே மகிழ்ந்திருக்கும்படி சொல்லப்படுகிறான். அதுவும் தனியாக அல்ல, லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து. நம் சபைகளின் அறுப்பின் பண்டிகை இதே ஒழுங்கைத் தன் வழியில் காக்கிறது. நெல், பூசணி, வாழைத்தார், கோழி, முட்டை எல்லாம் பீடத்தின் முன் வைக்கப்பட்டு, ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வருகின்றன. சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் முட்டை இங்கே பல மடங்கு விலைபோகிறது. எடுத்தவர் அதையே மறுபடி ஏலத்துக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. வசதி படைத்தவர் பெருமை காட்ட அங்கே இடமிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்தக் களிப்புக்குக் காரணம் முட்டை அன்று. விலை கொடுத்து வாங்கியதையும் வைத்துக்கொள்ளாமல் கொடையாகத் திருப்பும் செயலே அந்தக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறது.

நன்றி மகிழ்ச்சியை ஆழப்படுத்தும் இன்னொரு வழி, காணாமல் விட்டதைக் காண வைப்பது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கைகால்கள் சிதைவதற்கு முதன்மைக் காரணம் உணர்விழப்பே என்று நிறுவியவர். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்த கை வெந்துபோகிறது. புண்பட்ட பாதம் ஓய்வின்றி நடந்து அழிகிறது. அந்த அனுபவத்திலிருந்து, வலியையே கடவுளின் கொடையாக எண்ணி நன்றி சொல்லக் கற்றதாக அவர் எழுதினார். துன்பத்தை அழகுபடுத்தும் பேச்சு அல்ல அது. உடல் ஒவ்வொரு கணமும் காக்கப்படுவதைக் கண்டறிந்த மருத்துவரின் வியப்பு. லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர் சுகமடைகிறார்கள். தான் சுகமானதைக் கண்டு திரும்பி வந்தவன் சமாரியன் ஒருவனே. நலம் பத்துப் பேருக்கும் கிடைத்தது. நலத்தைத் தந்தவரின் பாதத்தில் விழுந்து, அவருடைய வார்த்தையைத் தனக்கென்றே கேட்டவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேரின் மகிழ்ச்சியும் பொய்யன்று; அது தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

இங்கே உளவியல் சார்ந்த மறுப்பு ஒன்று எழும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றைக் குறித்துவைத்தவர்கள், எரிச்சலூட்டியவற்றைக் குறித்தவர்களைவிட மனநிறைவோடு இருந்தது தெரியவந்தது. நன்றியின் பயன் கடவுள் நம்பிக்கையின்றியும் கிடைக்கிறதே, பிறகு எதற்கு இறையியல் என்று கேட்கலாம். நம்பிக்கையில்லாதவரின் நன்றியும் உண்மையானது, மதிப்புக்குரியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மனநிறைவுக்கான பயிற்சியாக மட்டும் நன்றியைக் கொண்டால், குறிக்க ஒன்றுமில்லாத நாளில் பயிற்சி முடிந்துவிடும். கிறிஸ்தவ நன்றி பட்டியலோடு நிற்பதில்லை, ஒருவரை நோக்கிப் பேசுகிறது. பட்டியல் வெறுமையானாலும் கேட்பவர் இருக்கிறார். அத்திமரமும் திராட்சையும் பொய்த்து, தொழுவம் காலியான நிலையிலும் ஆபகூக் கர்த்தருக்குள் களிகூர்வேன் என்று முடிவெடுக்க முடிந்தது இதனால்தான்.

இன்னும் கடுமையான மறுப்பு இந்த மண்ணிலிருந்தே வருகிறது. ஆற்காடு மிஷனின் கிராமச் சபைகள் பெரும்பாலும் தலித் மக்களிடையே உருவானவை. காலங்காலமாக, கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றியோடு இரு என்று அடக்கப்பட்டவர்களுக்கு நன்றியைப் போதிப்பது அடிமைத்தனத்துக்கு ஆசி கூறுவதாகாதா? நன்றி அப்படித் தவறாகப் பயன்பட்டதுண்டு. ஆனால் கடவுளுக்குரிய நன்றியை எந்த எஜமானனும் வசூலிக்க முடியாது. கூலி கொடையன்று, உரிமை. அறுத்தவரின் பிடித்துவைத்த கூலி கர்த்தரின் செவியில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார். முதற்பலன் அறிக்கையும் எகிப்தின் ஒடுக்குமுறையைப் பெயர் சொல்லியே நன்றி கூறுகிறது. லுத்தரின் பட்டியலில் காலணி இருக்கிறது. ஆம்பூரோ காலணி செய்யும் ஊர். காலணிக்காகக் கடவுளைத் துதிப்பவர், அதைத் தைத்த கைகளுக்கு நியாயமான ஊதியம் கிடைத்ததா என்று கேட்கக் கடமைப்பட்டவர். தண்ணீருக்கும் இதுவே பொருந்தும். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் பகுதியின் நீரும் நிலமும் கெட்டதைப் பதிவுசெய்து, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. நீரைக் கொடையென்று நம்பும் சபைக்கு அந்தத் தீர்ப்பில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. நன்றியுணர்வு கூர்மையாக இருக்கும் இடத்தில்தான் கொடை கெடுக்கப்படுவதைக் கண்டு வரும் கோபமும் கூர்மையாக இருக்கும்.

துயரத்தில் நன்றி சொல்வது உள்ளத்தை ஏமாற்றுவது என்பது மூன்றாவது மறுப்பு. வேதாகமம் அப்படி ஏமாற்றச் சொல்லவில்லை. சங்கீதங்களில் புலம்பலுக்கு மிகப் பெரிய இடம் உண்டு. கைவிட்டீரே என்ற கதறலும் துதியும் ஒரே சங்கீதத்தில் சேர்ந்தே இருக்கின்றன. பிலிப்பியருக்கு எழுதும் பவுல் சிறையில் இருக்கிறார். தன் விலங்குகளை மறைக்கவில்லை. அவர் நன்றி சொல்வது விலங்குக்காக அன்று. சுவிசேஷப் பணியில் தன்னோடு பங்குகொண்ட சபைக்காக. தீமையை நன்மை என்று சொல்வது நன்றியன்று. தீமையின் நடுவிலும் கடவுள் கொடுப்பதை நிறுத்தவில்லை என்று நம்புவதே நன்றி. ஆகவே புலம்பலுக்கு இடம் தராத சபையில் ஸ்தோத்திரமும் சடங்காகிவிடும்.

உண்மை நன்றியைப் போலியிலிருந்து பிரித்தறிய லூக்காவே ஓர் அளவுகோல் தருகிறார். சமாரியனின் கதைக்கு அடுத்த அதிகாரத்தில் பரிசேயன் ஒருவன் தேவாலயத்தில் நின்று நன்றி சொல்கிறான். தான் மற்றவரைப் போல இல்லை என்பதற்காக. சொல்லால் அது நன்றி, பொருளால் அது ஒப்பீடு. தன்னைவிடத் தாழ்ந்தவரைக் காட்டி, உனக்கு இது போதாதா என்று ஆறுதல் சொல்லும் நம் வழக்கமும் அதே வகையைச் சேர்ந்தது. அயலாரைத் தள்ளிவைக்கும் நன்றி கடவுளையும் அடைவதில்லை. அதில் பிறக்கும் மகிழ்ச்சிக்கு ஆழமும் இல்லை. ஆகவே சபைகளுக்கும் ஆயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்தோத்திரக் காணிக்கையை அவசரமாக வாசித்து முடிக்காதீர்கள். அதே நேரத்தில், நன்றி சொல்லக் காரணம் தெரியாமல் தவிப்பவரின் விண்ணப்பத்தையும் சபை கேட்கும்படி வாசியுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் ஒரு பங்கை, உபாகமம் சொல்வதுபோல, அந்நியருக்கும் திக்கற்றோருக்கும் விதவைகளுக்கும் ஒதுக்குங்கள். கடவுளுக்குச் சொல்லும் நன்றி அயலாரின் வீட்டையும் எட்டும்போதுதான் கிறிஸ்தவ மகிழ்ச்சி முழுமை பெறுகிறது.